கசிமிரோவின் வழவழச் சுவர்

கோயிலில் பூசை நடந்துகொண்டிருக்கும். கசிமிரோ செபெதா ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டே மறு கையால் பக்கத்துச் சுவரைத் தடவிக்கொண்டிருப்பார். உள்ளங்கையால் அல்ல, விரல்களின் புறத்தால். முப்பத்து நான்கு வருஷம் சிமெண்டில் கிடந்து உள்ளங்கை காய்ப்பேறிவிட்டது, அதற்கு இனி ஒன்றும் தெரியாது என்பார். விரல்கள் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். "இங்க வரும்போது எவனோ கூப்பிட்டிருக்கான். பூச்சுக் கரண்டிய எடுத்துட்டுத் திரும்பிப் பாத்திருக்கான்" என்று மனைவியின் காதில் சொல்வார். எலோடியா முழங்கையால் இடிப்பாள். சுவரில் ஏதாவது கறை கண்ணில் பட்டால் இன்னும் மோசம். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, யார் வீட்டுச் சுவராக இருந்தாலும் தேய்த்துவிட்டுத்தான் நகர்வார். பல் மருத்துவர் ஒருமுறை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. ஆள் கதவோரம் நின்று சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் சாந்தா பவுலாவில் பூச்சுவேலைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது மேடுபள்ளத்தின் நிழல் ஒன்றுகூடத் தெரியாத சுவர் வேண்டுமென்றால் கசிமிரோவைத்தான் கூப்பிட வேண்டும். வந்தால் பேசமாட்டார். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பீன்ஸ் வைத்துச் சுருட்டிய சோள ரொட்டியைத் தின்பார், மறுபடி ஏறுவார். கடைசிப் பூச்சுக்கு வைத்திருக்கும் கரண்டியை ஒரு பழைய காலுறைக்குள் போட்டுத் தலையணைக்கடியில் வைக்காத குறையாகப் பாதுகாப்பார். அவரோடு பத்தொன்பது வருஷமாகச் சாந்து கலக்கும் செவெரோ, "மேஸ்திரிக்கு ரெண்டு சம்சாரம். ஒண்ணு சாக்ஸுக்குள்ள இருக்கு" என்று எல்லா வீட்டிலும் ஒரு தடவை சொல்வான். எல்லா வீட்டிலும் சிரிப்பார்கள். கசிமிரோ மட்டும் அதை முதல் தடவை கேட்பதுபோல முறைப்பார்.

புது ஆட்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான். முதல் பூச்சைப் போட்டதும் கம்பிப்பல் வைத்த கோலால் அதைக் குறுக்கே கீறச் சொல்வார். நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குக் கெடுப்பது என்று பையன்கள் தயங்குவார்கள். "பிடிமானம் இல்லாம எதுவும் நிக்காதுப்பா. அடுத்தது வந்து ஒட்டிக்கணும்ல?" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது, கையில்தான் வரும். மகள் நயேலி வீட்டில் இருந்த நாட்களில் இருவருக்கும் சண்டை வந்தால், மறுநாள் காலை அவளுடைய காரில் எண்ணெய் மாற்றப்பட்டிருக்கும். செவெரோவைக் கண்டபடி திட்டிவிட்டால் சனிக்கிழமை அவன் வீட்டு ஒழுகும் குழாய் சரியாகிவிடும். எலோடியா விஷயத்திலும் அப்படித்தான். அவள் கேட்காமலே அவர் அலமாரிக்குக் கீல் மாற்றினால், என்ன தப்பு செய்தார் என்று அவள் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஆனால் போன அக்டோபரில் அவர் செய்தது தப்புக்குப் பரிகாரமாகச் செய்ததல்ல. அன்பாகச் செய்தார். அங்கேதான் வந்தது வினை.

எலோடியா, சொந்த ஊர்ப்பக்கம் ஹலிஸ்கோவில் இருக்கும் தங்கையைப் பார்க்க மூன்று வாரம் போயிருந்தாள். அவர்களுடைய வீட்டுக்கு, முன்பு இருந்தவர்கள் காலத்துப் பூச்சு. கையை வைத்தால் சிராய்க்கும், அங்கங்கே உதிர்ந்தும் இருந்தது. ஊருக்கெல்லாம் சுவரை வழித்துக் கொடுத்தவருக்குத் தன் வீட்டுக்கு இருபத்திரண்டு வருஷமாக நேரம் வரவில்லை. இப்போது வந்தது. கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது, அவள் திரும்பி வரும்போது வீடு புதுசாக நிற்கட்டும் என்று, செவெரோவையும் தொடவிடாமல் தனியாளாகப் பூசினார். பின்வாசல் சுவர்தான் அவர் வாழ்நாளிலேயே பூசிய சிறந்த சுவர். அதை அவரே ஒப்புக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் காய்வதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து நாங்களெல்லாம் போய்ப் பார்த்தோம். யாரும் தொட்டுவிடக் கூடாதென்று அவர் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் நடந்துகொண்டே இருந்தார்.

பெட்டியோடு வந்து இறங்கிய எலோடியா பின்வாசலுக்குப் போனாள். சுவரைப் பார்த்தாள். பிறகு மேலே, கூரை இறக்கத்துக்கு அடியில், விளக்குக்குப் பக்கத்தில் பார்த்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்தாள்.

"அழகா இருக்கு, கிழவா" என்றாள். உள்ளே போய்ப் பெட்டியைப் பிரித்தாள்.

மறுநாள் காலை அவள் காப்பியைச் சமையலறையிலேயே குடித்தாள்.

இதைக் கேட்டால் இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அந்த வீட்டுக் காலையைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது விஷயம். அதற்குப் பதினோரு வருஷத்துக்கு முன்னால், எலோடியா வேலை பார்த்த எலுமிச்சைப் பொட்டலக் கூடத்தை மூடிவிட்டார்கள். வேலை போன முதல் வாரத்தில் எங்கே போவதென்று தெரியாமல் அவள் விடிகாலையில் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அந்த வாரம்தான் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு ஈப்பிடிப்பான் பறவை கூடு கட்ட ஆரம்பித்தது. உடம்பெல்லாம் கறுப்பு, வயிறு மட்டும் வெள்ளை. வாலை ஓயாமல் தாழ்த்தி உயர்த்தும். தோட்டக் குழாய்மேல் உட்கார்ந்திருந்து விசுக்கென்று பாய்ந்து ஒரு ஈயைப் பிடித்துவிட்டு அதே குழாய்க்குத் திரும்பும். எலோடியா அதற்குச் சிஸ்டரம்மா என்று பெயர் வைத்தாள். எங்கள் கோயிலின் பழைய கன்னியாஸ்திரீ ஒருவரும் அதே உடுப்பில் அதே விறைப்போடு இருப்பார். தண்ணீர் இருக்கும் இடம்தான் அந்தப் பறவைக்கு வேண்டும். அங்கே வாய்க்காலும் பக்கம், புல்தரையில் ஊற்றிய தண்ணீரின் சேறும் இருந்தது. சேற்றை அலகில் உருட்டி எடுத்து வந்து சுவரில் அப்பி, கிண்ணம்போல ஒரு கூடு. அடுத்த வருஷமும் அதே கூட்டுக்கு வந்து, உதிர்ந்த இடத்தில் புதுமண் ஒட்டிக் குடியேறியது. அதற்கடுத்த வருஷமும். இடையில் சிஸ்டரம்மா மாறியிருக்கலாம், யார் கண்டது. கூடு மாறவில்லை.

அன்றிலிருந்து ஆறே காலுக்கு எலோடியா லவங்கப்பட்டை போட்ட காப்பி இரண்டு கோப்பையோடு வெளியே வருவாள். கசிமிரோ லாரியைக் கிளப்புவதற்கு முன் கால் மணி நேரம் பக்கத்தில் உட்காருவார். அவள் பறவையிடம் பேசுவாள். "என்ன சிஸ்டர், ராத்திரி தூங்கினீங்களா? இந்த ஆளு குறட்டையில நான் தூங்கல" என்பாள். அவரிடம் நேரே சொல்ல முடியாததையும் அதனிடம்தான் சொல்வாள். அவர் காப்பியைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். முப்பது வருஷத்தில் அந்த இருவரும் சேர்ந்து உட்கார்ந்த நேரம் அதுதான். மீதி நேரமெல்லாம் யாராவது ஒருவர் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஏன் வெளியே வருவதில்லை என்று நவம்பரில் அவர் கேட்டார். "குளிருது" என்றாள். டிசம்பரிலும் குளிர்ந்தது. பிப்ரவரியில் எலுமிச்சைத் தோப்பெல்லாம் பூத்து, ஊரே சட்டைக் கையை மடித்துவிட்டுத் திரிந்தது. அப்போதும் எலோடியாவுக்குக் குளிர்ந்தது. அவள் சண்டை போடவில்லை, முகம் தூக்கவில்லை, சமையலில் உப்பு குறைக்கவில்லை. அவருடைய காப்பி மேசைமேல் தட்டு மூடி இருக்கும். அவள் அடுப்புப் பக்கம் நின்று குடித்துக்கொண்டிருப்பாள். கசிமிரோ ஆறே காலுக்குப் பின்வாசலில் இரண்டு நாற்காலிக்கு நடுவில் நின்று தன் சுவரைப் பார்ப்பார். அதில் ஒரு குறையும் இருக்காது.

கடைசியில் ஃப்ரெஸ்னோவிலிருந்து மகள்தான் தொலைபேசியில் போட்டு உடைத்தாள். "அப்பா, அந்தக் கூட்ட என்ன பண்ணீங்க?"

"எந்தக் கூடு?"

"அதான். எந்தக் கூடுன்னே தெரியல உங்களுக்கு."

"அழுக்கா இருந்துச்சும்மா. அதுக்குக் கீழ சுவரெல்லாம் கறை. காலியாத்தான இருந்துச்சு?"

"அக்டோபர்ல காலியாத்தான் இருக்கும். மார்ச்ல வரும். அம்மா தல சீவிட்டு விழுற முடிய அந்த வேலிக் கம்பில சுத்தி வைப்பாங்களே, பாத்ததில்லயா? அது வந்து எடுத்துட்டுப்போய்க் கூட்டுக்குள்ள மெத்த போட்டுக்கும். உங்ககிட்ட சொல்லவேண்டாம்னு சொன்னாங்க. ஆசையா பண்ணிருக்காரு, மனசு கஷ்டப்படும்னாங்க."

கசிமிரோவுக்கு அந்தக் கூடு ஞாபகம் வந்தது. கரண்டி முனையால் ஒரே தட்டு. கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. உள்ளே நரைமுடி சுருள் சுருளாக இருந்தது. என்ன கண்றாவி என்று நினைத்துச் சாக்கில் அள்ளிப் போட்டிருந்தார். தொலைபேசியை வைத்த பிறகு வெகுநேரம் அவர் சுவரைத் தடவவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, ஐந்து மாதமாக அவள் அவருக்காக அதை மறைத்து வைத்திருந்தாள் என்பது தாங்க முடியாததாக இருந்தது.

வாயால் சொல்ல வராதவர் கையால் ஆரம்பித்தார். முதலில் ஒரு கூடு செய்தார். சிமெண்டும் மெல்லிய மணலும் கலந்து கிண்ணமாக வார்த்து, ஈரத்துணியால் மெருகேற்றி, பழைய இடத்திலேயே திருகாணி வைத்து மாட்டினார். அதில் சூப் குடிக்கலாம், அவ்வளவு நேர்த்தி. மார்ச் முதல் வாரம் ஜோடி வந்தது. ஆண்பறவை அந்தக் கிண்ணத்துக்கு எதிரே படபடவென்று அந்தரத்தில் நின்று இடத்தைக் காட்டியது. பெண்பறவை குழாய்மேல் உட்கார்ந்து ஒரு பார்வை பார்த்தது. பறந்து வந்து கிண்ணத்தின் விளிம்பில் எச்சமிட்டுவிட்டுப் போயிற்று.

"வீட்ட அவரு காட்டுறாரு, அம்மாவுக்குப் பிடிக்கல" என்றான் செவெரோ. "நமக்கு இது புதுசா மேஸ்திரி?"

கசிமிரோ கிண்ணத்தைக் கழற்றினார். அடுத்ததாகச் சேறு. தண்ணீர்ப் பஞ்சத்தில் தெருவே புல்லைப் பிடுங்கிவிட்டுக் கூழாங்கல் கொட்டியிருந்தது. அவரும் கொட்டியிருந்தார். சொட்டுக்குழாய் செடியின் வேரை மட்டும் நனைத்தது. வீட்டுப் பக்கம் பறவைக்கு ஒரு துளிச் சேறு கிடையாது. சாந்து கலக்கும் தொட்டியில் வாய்க்கால் களிமண்ணைச் சலித்துப் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கரண்டியால் புரட்டி, விரலில் எடுத்துப் பதம் பார்த்தார்.

செவெரோ தலையைச் சொறிந்தான். "கலவை எத்தனைக்கு எத்தனை மேஸ்திரி? சுண்ணாம்பு ஒரு கை போடட்டா?"

"வாய மூடு."

"இல்ல, கேக்குறவங்களுக்குச் சொல்லணும்ல. மேஸ்திரி இப்ப பறவைக்கு வேல செய்றாருன்னு."

பறவை தொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் கை கழுவிய குழாயடியில், கூழாங்கல்லை விலக்கிய இடத்தில், தானாகத் தேங்கியிருந்த அசிங்கமான சேற்றில் இறங்கி அலகு நிறைய எடுத்தது. கசிமிரோவுக்குக் கோபமாகத்தான் வந்தது. ஆனால் அன்றிலிருந்து குழாயைச் சொட்டவிட்டு வைத்தார்.

மண் எடுத்த பறவை நேரே பழைய இடத்துக்குப் போயிற்று. விளக்குக்குப் பக்கத்தில், கூரைக்கு ஒரு சாண் கீழே. அப்பியது. மண் உருண்டை சுவரில் ஒரு கணம் நின்றது, வழுக்கியது, தரையில் விழுந்தது. திரும்பப் போய் எடுத்து வந்தது. அப்பியது. விழுந்தது. கசிமிரோ நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினார். நாற்பது தடவை வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பின்வாசல் தரையெல்லாம் காய்ந்த மண் பொட்டுகள். தான் பூசியதிலேயே சிறந்த சுவர் ஒரு கைப்பிடிப் பறவையைத் தோற்கடிப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

எலோடியா குப்பை வாளியோடு வெளியே வந்தாள். தரையைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். பறவை வந்தது, அப்பியது, மண் விழுந்தது.

"அதுக்குப் பிடிமானம் இல்ல" என்றாள். வாளியைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள்.

இத்தனை மாதத்தில் அந்தச் சுவரைப் பற்றி அவள் சொன்ன இரண்டாவது வாக்கியம் அது. கசிமிரோ எத்தனை பையன்களிடம் அதையே சொல்லியிருப்பார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு லாரிக்குப் போனார்.

பறவைகள் வாய்க்கால் பக்கம் போயிருந்த மத்தியான நேரம். செவெரோ ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்ததும் ஏணியை விட்டுவிட்டான்.

"மேஸ்திரி, வேணாம். போன வாரம்கூட ஒருத்தர் இந்தச் சுவரப் பாத்துட்டுத்தான் நம்மளுக்கு வேல குடுத்தாரு."

"ஏணியப் பிடி."

"அந்தாண்ட சுவருல கொத்துங்களேன். யாருக்கும் தெரியாது."

"அதுக்கு இந்த இடம்தான் வேணும்."

உளியை வைத்தார். விரல்களின் புறத்தால் அந்த இடத்தை ஒருமுறை தடவினார். பிறகு கொத்தினார். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, மெருகெல்லாம் பெயர்ந்து உள்ளே இருந்த மணல் தெரியும்வரை கொத்தினார். அதற்கு மேல் உளி முனையால் குறுக்கே கீறல் போட்டார், பையன்களுக்குச் சொல்லித் தருகிற அதே கீறல். சமையலறை சன்னலில் எலோடியா நின்றாள். உளிச் சத்தம் நின்ற பிறகும் அங்கேயே நின்றாள். செவெரோ கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கினான்.

மறுநாள் முதல் உருண்டை ஒட்டியது. இரண்டாவதும் ஒட்டியது. கசிமிரோ தனியாக உட்கார்ந்து பார்த்தார். பத்து நாளில் ஒரு பிறை வந்தது, பிறை கிண்ணமாயிற்று. அவர் உள்ளே போய்ச் சேதி சொல்லவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை. கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். கூப்பிட்டால் அவருக்காக வருவாள். வந்து, அழகா இருக்கு என்பாள். அது அவருக்கு வேண்டாம்.

பதினோராம் நாள் காலையில் வேலிக் கம்பியில் ஏதோ சுற்றியிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தார். சீப்பில் கழிந்த நரைமுடி, இரண்டு விரலில் சுற்றி எடுத்த சுருள். அவர் தொடவில்லை. திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பறவை வந்து ஒரு இழை உருவிக்கொண்டு போனபோது சமையலறைக் கதவு திறந்தது.

எலோடியா இரண்டு கோப்பையோடு வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலே பார்த்தாள்.

"என்ன சிஸ்டர்" என்றாள். "வீடு பரவால்லயா? கொத்தனாரு கொஞ்சம் மெதுவான ஆளு. சொன்னாப் புரியாது, ஆனா செய்வாரு."

கூட்டுக்குக் கீழே ஈர மண் ஒரு கோடாக, அந்த வெள்ளைச் சுவரில், வழவழவென்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கசிமிரோ அதைப் பார்த்தார். எழுந்தார். கட்டைவிரல் தானாக நாக்குக்குப் போயிற்று. நனைந்த விரலோடு சுவர்வரை போனவர், கை எட்டும் தூரத்தில் நின்றார். பிறகு அந்த விரலைத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, காப்பிக்குக் கையை நீட்டினார்.